கோடை ட்ரிப்: மாலத்தீவா, பாசிக்குடாவா?

வேலூர், ஆம்பூர் வெயிலுக்குத் தப்பிச்சு மே, ஜூன்ல ஜோடியா பீச் ரிசார்ட் போகப் போறீங்களா? விலைக்கு முன்னாடி மழையைப் பாருங்க. மாலத்தீவில் அப்போது தென்மேற்குப் பருவமழை. பேக்கேஜ் மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். ஆனால், இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பாசிக்குடாவில் அந்த மாதங்கள்தான் சீசன். அலை குறைந்த, ஆழமில்லாத கடல். இடுப்பளவு தண்ணீரில் ரொம்ப தூரம் நடக்கலாம். கொழும்பிலிருந்து சாலையில் ஆறு மணி நேரமாவது ஆகும், அதுதான் குறை.

'ஆல் இன்க்ளூசிவ்' என்றாலும் விசாரிங்க. 'ஃபுல் போர்டு' என்பது வேறு. மூணு வேளைச் சாப்பாடு மட்டும்தான். ஜூஸுக்குத் தனி பில் வரும். (ஆம்பூர் பிரியாணியை எங்கேயும் எதிர்பார்க்காதீங்க!) மாலத்தீவுதான் என்றால், தீவுக்குப் போகும் ஸ்பீடுபோட், சீபிளேன் கட்டணம் பேக்கேஜில் சேருமா எனக் கேளுங்க. இருட்டிய பிறகு சீபிளேன் பறக்காது. ராத்திரி போய் இறங்கினால் மாலே பக்கம் ஒரு நாள் ரூம் வாடகையும் உங்க தலையில்தான்.