படகில் கொப்புளமும் மீனவர் உரிமையும்

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இவற்றின் மேற்பூச்சான ஜெல்கோட் நீரை முற்றிலும் தடுப்பதில்லை. நெடுநாள் மிதக்கும் படகில் ஊடுருவும் நீர், சரிவர இறுகாத பிசினின் எச்சங்களைக் கரைக்கிறது. அக்கரைசல் மேலும் நீரை ஈர்க்க, அழுத்தம் மிகுந்து பூச்சு கொப்புளிக்கிறது.

புதிய படகில் இக்குறை பெரும்பாலும் பிசினின் தரத்தையோ, பூசிய முறையையோ சார்ந்தது. எனவே, சுரண்டிச் செப்பனிடுமுன் புகைப்படம் எடுத்து, உத்தரவாதக் காலத்திற்குள் தயாரிப்பாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.

தொழிலுக்கு வாங்கியதால் மீனவர் நுகர்வோர் அல்லர் என்று தட்டிக்கழிக்க இயலாது. சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாணிப நோக்கில் சேர்ப்பதில்லை. முறையீட்டுக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே அவர் முறையிடலாம்.