அடுப்பெரிக்கும் கலை

எரிவாயு உருளை கடைக்கோடிக் கிராமம் வரையில் வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில் விறகடுப்பைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 49 விறகை வைத்தே சமைத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வாயிலாகக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது பெரும் நன்மையே. ஆயினும் இணைப்பு உள்ள வீடுகளிலேயே, காபிக்கும் குழம்புக்கும் வாயு அடுப்பும், குளிக்கும் வெந்நீருக்கும், நெல் அவிப்பதற்கும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும், மாதக் கடைசியில் உருளை தீர்ந்துபோனால் சோறு வடிப்பதற்கும் விறகடுப்புமாக, இரண்டும் அக்கம்பக்கமாக வாழ்ந்து வருவதை நாட்டுப்புறங்களில் எங்கும் காணலாம். வாயு அடுப்புக்கு மாறக்கூடியவர்கள் மாறுவதே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற முடியாதவர்களும், பாதி மாறியவர்களும் எரிக்கிற அடுப்பாவது புகையின்றி எரிய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

விறகு எரிகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற காரியம் மூன்று கட்டங்களில் நடைபெறுகிறது. முதலில் விறகினுள் தங்கியிருக்கும் நீர் ஆவியாகிப் போகிறது. பிறகு உஷ்ணம் ஏற ஏற, ஏறக்குறைய 250 டிகிரியைத் தாண்டியதும், விறகு தன் கட்டுக்குலைந்து, எரியக்கூடிய வாயுக்களாகவும் கண்ணுக்குத் தெரியாத தார்த் துளிகளாகவும் பிரிந்து வெளிப்படுகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்விதம் வாயுவாகவே கிளம்புகிறது. நாம் காணும் மஞ்சள் ஜுவாலை கட்டைக்குச் சற்று மேலே அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதனால் உண்டாவது என்பதைச் சிறிது நேரம் அடுப்பின் முன் உட்கார்ந்து கவனித்தால் யாரும் பிரத்தியட்சமாக உணரலாம். எஞ்சிய கரி கடைசியில் தணலாகக் கனன்று சாம்பலாகிறது. நடுவில் சொன்ன வாயுக்கள் முழுவதும் எரிந்துபோவதற்கு நல்ல உஷ்ணமும், போதிய காற்றும், இரண்டும் கலப்பதற்குக் கொஞ்சம் இடமும் அவகாசமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமலே புகையாக வெளியேறிவிடுகின்றன. புகை என்பது எரியாமற் போன விறகு. ஆகவே புகையைக் குறைப்பது ஆரோக்கியத்துக்காக, விறகை மிச்சப்படுத்துவது சிக்கனத்துக்காக என்று இரண்டு தனிக் காரியங்கள் இல்லை. ஒன்றைச் செய்தால் மற்றது தானே கைகூடுகிறது.

அந்தப் புகை செய்கிற தீங்கை, அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த பெண்கள் கண்ணெரிச்சல் என்றும் இருமல் என்றும் சொல்லிப் பொறுத்துக்கொண்டார்களேயன்றி, அதை ஒரு வியாதியாக எண்ணியவர்கள் சிலரே. வீட்டுக்குள் எழும் சமையற்புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலையத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களின் சமையலறைகளுக்கே சென்று காற்றை அளந்து, இந்தத் தீங்கு எவ்வளவு பெரியதென்று உலகத்தார் அறியும்படி செய்தவர்கள். மூச்சில் கலந்து நுரையீரலின் அடிவரை இறங்கும் அந்த நுண்துகள்கள் நுரையீரலோடு நில்லாமல் இருதயத்தையும், கண்ணின் படலத்தையும், கருவிலிருக்கும் சிசுவின் வளர்ச்சியையும் தொடுகின்றன.

இனி, விறகுக்கு வருவோம். அடுப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் ஈர விறகு அதைக் கெடுத்துவிடும். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட விறகில் ஒரு கிலோவை எரித்தால் அதிலுள்ள அரைக் கிலோ நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதற்கே, கிடைக்கிற வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு செலவாகிவிடும். அந்த நஷ்டமாவது சிறிது. ஆவி கிளம்பி அடுப்பின் உஷ்ணத்தைத் தணித்துவிடுவதால் வாயுக்கள் பற்றாமலே போகின்றனவே, அதுதான் பெரிய நஷ்டம்; எரிகிற கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று இரைவதைக் கண்டால் அந்தக் கட்டை பாதி எரிகிறது, பாதி புகைகிறது என்று அறிந்துகொள்ளலாம். உலர்ந்த விறகைக் கண்டறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடியிருக்கும்; பட்டை கையால் உரித்தாலே கழன்றுவரும்; இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஈரம் இருந்தால் மந்தமாகக் கேட்கும். மாசி, பங்குனியில் விறகை வாங்கிப் பிளந்து, காற்று ஊடாடும்படி குறுக்கும் நெடுக்குமாகத் தாழ்வாரத்தில் அடுக்கிவைத்தால், ஐப்பசி அடைமழைக்கு முன் அது காய்ந்து நிற்கும். மழைக்காலத்துக்கென்று அடுப்புக்கு மேலே பரண் கட்டி அன்றாட விறகை அதில் போட்டுவைத்த நம் முன்னோர்களின் யுக்தி மிகவும் புத்திசாலித்தனமானது. தீப்பொறி எட்டாத உயரத்தில் அந்தப் பரண் இருக்கவேண்டும் என்பது மட்டும் ஜாக்கிரதை.

எந்த மரம் நல்லது என்ற கேள்விக்குக் கெட்டியான மரம் என்பதே சுருக்கமான விடை. சவுக்கும், கருவேலமும், புளியும் நின்று எரிந்து நல்ல தணலும் தரும். முருங்கை, முள்முருங்கை போன்ற மென்மரங்கள் சடுதியில் எரிந்து அடங்கிவிடுமாதலால் பற்றவைக்க மட்டுமே உதவும். ஆனால் அரளி, தில்லை போன்ற மரங்களின் புகையே நஞ்சாகையால் அவற்றை அடுப்பில் வைக்கலாகாது. வர்ணம் பூசிய பலகையையும், பழைய பிளாஸ்டிக் பையையும் பற்றவைப்பதற்காக அடுப்பில் போடுகிற பழக்கம் இப்போது பரவிவருகிறது. அதனினும் கொடிய பழக்கம் வேறில்லை. அதன் புகை விறகுப் புகையைவிடப் பன்மடங்கு விஷமானது. பனையோலை, தென்னம்பாளை, கொட்டாங்கச்சி, விறகு பிளக்கும்போது சிதறிய சிராய் இவை இருக்க, மண்ணெண்ணெய்கூட அவசியமில்லை.

விறகைச் சிறிதாகப் பிளக்க வேண்டும் என்பதைப் பலர் வீண் வேலையாக நினைக்கிறார்கள். பருத்த கட்டையொன்றைச் செருகிவிட்டால் அது தானே எரிந்துகொண்டிருக்கும், நாம் வேறு வேலை பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பருத்த கட்டையின் மேற்புறம் மட்டும் கருகி, உள்ளே உஷ்ணம் மெள்ள மெள்ளவே ஏறுவதால், அது ஜுவாலையின்றி நெடுநேரம் புகைந்தே தீரும். பெருவிரல் பருமனுள்ள துண்டுகள் மூன்று நான்கை, நுனிகள் மட்டும் நெருப்பில் கூடும்படியாகவும், ஒன்றுக்கொன்று ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும்படியாகவும் வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொடுத்தால் ஜுவாலை சீராக நிற்கும். ஒன்றின் வெப்பம் மற்றதைத் தாங்குவதனால்தான் கூடி எரிகிற துண்டுகளில் ஒன்றைத் தனியே இழுத்துப் போட்டால் அது சற்றைக்கெல்லாம் அணைந்துபோகிறது. அடுப்பின் வாய் கொள்ளாமல் விறகைத் திணித்தால் காற்று நுழைய வழியில்லை. தரையோடு தரையாக விறகு கிடந்தாலும் அப்படித்தான். கொள்ளிகளின் அடியில் ஓர் இரும்புச் சட்டத்தையோ உடைந்த செங்கல்லையோ கொடுத்து அவற்றைச் சிறிது உயர்த்திவிட்டால், கீழிருந்து காற்றுப் புகுந்து, ஊதாங்குழலுக்கு வேலையே இல்லாமற் செய்துவிடும். அடிக்கடி ஊதவேண்டியிருக்கிறது என்றால் சாம்பல் நிறைந்திருக்கிறது, அல்லது விறகு ஈரம், அல்லது காற்றுக்கு வழியில்லை. ஊதுகிறவர் அடுப்பின் வாயருகே முகத்தை வைத்து, வெளியே வரும் புகையையே மறுபடி உள்ளிழுக்கிறார் என்பதை எண்ணினால் அந்தக் குறையை உடனே நிவர்த்தி செய்யாமல் இருக்க மனம் வராது.

அடுப்பின் அமைப்பிலும் நம் மண்ணடுப்புக்காரர்கள் நுட்பம் அறியாதவர்களல்லர். பாத்திரத்தைத் தாங்கும் மூன்று குமிழ்கள் எதற்காக? பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே எரிந்த வாயு வெளியேறுவதற்கு வழிவிடவே அவை. குமிழ் அதிக உயரமாயிருந்தால் ஜுவாலை பாத்திரத்தைத் தொடாமல் பக்கங்களில் ஓடிவிடும். அதிகம் தாழ்ந்திருந்தால் நெருப்பு மூச்சுத் திணறிப் புகை கக்கும். பிரதான அடுப்பிலிருந்து பக்கவாட்டில் துளை போட்டு அனலைத் திருப்பிக் கொடியடுப்பில் பருப்பையோ வெந்நீரையோ வைத்தவர்கள், வீணாகும் வெப்பத்தைப் பிடித்துப் பயன்படுத்தும் சாஸ்திரத்தை ஏட்டில் படிக்காமலே கண்டவர்கள். எனினும் மூன்று கற்களைக் கூட்டிவைத்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது. நாற்புறமும் திறந்த நெருப்பைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் 2013-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, விசிறியில்லாத மேம்பட்ட அடுப்பு குறைந்தது 25 பங்கையும், விசிறியுள்ளது 35 பங்கையும் தரவேண்டும்.

அடுப்பை மேம்படுத்தும் முயற்சிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. தஞ்சாவூரில் பிறந்து வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பாவின் பணிக்களமான மகன்வாடியிலிருந்து 1947-ஆம் ஆண்டில் வெளிவந்தது புகைபோக்கியுள்ள மகன் அடுப்பு. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப்போன்ற அடுப்பை உருவாக்கிய எஸ். பி. ராஜு, கோடானுகோடி மக்களுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று எழுதிய புத்தகம் 1953-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் தோன்றிய அஸ்த்ரா பிரிவு கிராமத்து வீடுகளுக்கென்றே மூன்று பாத்திரம் வைக்கும் அடுப்பொன்றை வகுத்தது. இலங்கையில் 1980-களில் உருவான அனகி என்னும் இரண்டு வாய்க் களிமண் அடுப்பைக் குயவர்கள் செய்து சந்தையில் விற்றுவருகிறார்கள். மத்திய அரசாங்கமும் 1980-களின் ஆரம்பம் முதல் 2002 வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகளை நாடெங்கும் நிறுவிற்று. அவற்றுள் பெரும்பாலானவை சில வருஷங்களுக்குள் உடைந்தோ கைவிடப்பட்டோ போயின. வீட்டுப் பாத்திரத்தின் அளவு பாராமல் கட்டியதும், அளவு பிசகியதும், புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஒருவரும் சொல்லித்தராததும் காரணங்கள். இலங்கைக் குயவரின் அடுப்பு நிலைத்ததற்கும் இந்த அடுப்புகள் நிலையாமற்போனதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: முன்னதை வாங்கியவர் தேவையறிந்து காசு கொடுத்து வாங்கினார், உடைந்தால் மறுபடி வாங்கப் பக்கத்திலேயே கடை இருந்தது.

புகைபோக்கி வைத்திருப்பவர்கள் அதன் வாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடியாவது எழும்பும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கீற்றுக்கூரையானால் குழாய் ஓலையைத் தொடாதபடி இடைவெளி விடுவது உயிர்க்காவல். உள்ளே படிகிற கரியை மாதம் ஒருமுறை நீளக் கோலில் சாக்கைச் சுற்றித் துடைத்தெடுக்காவிட்டால், இழுப்புக் குறைந்து புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். புகைபோக்கி இல்லாத வீடுகளில் அடுப்பை எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவிலோ திறந்த கொல்லைத் தாழ்வாரத்திலோ அமைப்பதும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதைத் தவிர்ப்பதும் உடனே செய்யக்கூடியவை. மலைப்பிரதேசங்களில் குளிருக்காகக் கரித்தணலைக் கதவடைத்த அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பாத்திரத்தின் விஷயத்தில் ஒரு சிறு கணக்கு மிகுந்த பிரயோஜனமுள்ளது. 30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுதும் ஆவியாக்குவதற்கோ அதற்குமேல் இன்னும் 540 கிலோகலோரி வேண்டும். அதாவது, ஒரு சிறு டம்ளர் அளவு நீர் ஆவியாகிப் பறந்தால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் விறகு அதனோடு பறந்துபோகிறது. கொதித்துவிட்ட தண்ணீரின் உஷ்ணம் எவ்வளவு எரித்தாலும் மேலே ஏறாது. தளதளவென்று கொதிக்கிற உலையிலும், ஓரத்தில் மெல்லக் குமிழியிடுகிற உலையிலும் அரிசி ஒரே வேகத்தில்தான் வேகும். ஆகையால் உலை கொதித்தவுடன் இரண்டு கொள்ளியை வெளியே இழுத்து, மூடிபோட்டு, தணலிலேயே வேகவிட வேண்டும். அரிசியை அரைமணி நேரமும், பருப்பை அதற்கு மேலும் ஊறவைத்தால் விறகுச் செலவு இன்னும் குறையும். பாதி வெந்த சோற்றுப் பானையை மூடியோடு வைக்கோல் திணித்த பெட்டியில் இறுக்கி வைத்துவிட்டால், மீதி வேக்காட்டை உள்ளே அடைபட்ட உஷ்ணமே முடித்துத் தருகிறது. பாத்திரத்தின் அடிக்கரியைக் கவனிப்பதும் நன்று. எரிந்து முடியாத ஜுவாலை குளிர்ந்த பாத்திரத்தில் மோதும்போதுதான் அது கனமாகப் படிகிறது. ஆகவே கரி அதிகமானால் அடுப்பின் உட்புற உயரம் போதவில்லை என்று கொள்ளலாம். சாம்பலைக் குழைத்து வெளிப்புறம் பூசிவிட்டு அடுப்பேற்றும் வழக்கம் தேய்க்கும் சிரமத்தைத்தான் குறைக்கும், கரியைக் குறைக்காது.

சமையல் முடிந்தபின் கொள்ளிகளை அடுப்பிலேயே கிடக்கவிடுவதனால் உண்டாகும் புகையும் சிறிதல்ல. நெருப்புக் கனியாமல் மெல்லப் புகையும் அந்த நிலையே மிக அசுத்தமான நிலை. கொள்ளிகளை உடனே வெளியே இழுத்து, மணல் நிரப்பிய பழைய தகர டப்பாவில் நுனியைப் புதைத்தால் அணைந்துவிடும். தண்ணீர் தெளித்தால் மறுவேளைக்கு அவை ஈரமாகிவிடும். அடுப்பில் மிஞ்சிய தணலைப் பாலைச் சுண்டக் காய்ச்சவோ அப்பளம் சுடவோ பயன்படுத்திக்கொள்ளலாம். சாம்பலை மறுநாள் காலை வரை ஆறவிட்டே அள்ள வேண்டும், அதனுள் ஒளிந்திருக்கும் கங்கு எருக்குழியின் செத்தையைப் பற்றவைத்துவிடும். ஆறிய சாம்பலைச் சலித்து, கொஞ்சத்தைப் பாத்திரம் துலக்க வைத்துக்கொண்டு, மீதியைத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம்.