மாறும் பிரதியும் நிலைத்த பிரதியும்: கைப்பேசிச் செயலியில் இணைய ஆவணங்கள்

நூலைப் படியெடுத்தலையும், படியெடுத்ததை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தலையும் ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒரே கடமையின் இரு பாதிகளாகக் கருதினர். இன்று மதரஸாக்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் எனக் கைப்பேசிச் செயலிகள் தோன்றியுள்ளன. நோன்பு நேர அட்டவணை, பாடக்குறிப்பு, துஆத் தொகுப்பு ஆகியவற்றை இணையத்தில் பகிரப்பட்ட ஆவணங்களாகவே அவற்றுள் பொதிந்து வழங்க இயலும். இம்முறை இயங்கும் வகையையும், அதில் நாம் பேணவேண்டியதையும் இங்குக் காண்போம்.

ஆவணத்தைப் பொதிந்துவிட்டால் அதன் வாசகம் செயலிக்குள் வந்துவிடும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. செயலிக்குள் இருப்பது ஆவணத்தின் இணைய முகவரி மட்டுமே. நாம் அப்பகுதியைத் திறக்கும்போது, ‘வெப்வியூ’ எனப்படும் உறுப்பு ஒரு சிறிய உலாவியாக நின்று, அம்முகவரியிலுள்ள பக்கத்தை வரவழைத்துக் காட்டுகிறது. ‘கூகுள் டாக்ஸ்’ ஆவணமாயின், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் எனப் பகிரலாம். அல்லது இணையத்தில் வெளியிடும் வசதியால் அதனைத் தனிப் பக்கமாக்கலாம். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் பகிர்ந்த ஆவணம் இங்கு உதவாது. அது கணக்கில் உள்நுழையுமாறு கேட்கும். செயலிக்குள் பொதிந்த உலாவிகளின் வழியே உள்நுழைவதையோ கூகுள் நிறுவனம் 2017 முதல் படிப்படியாகத் தடுத்துள்ளது.

இம்முறையின் நன்மை வெளிப்படை. மூலத்தில் ஒருமுறை திருத்தினால், செயலியைப் புதுப்பிக்காமலே அத்திருத்தம் எல்லோரையும் சென்றடைகிறது. பிழையும் அதே வாயிலின் வழியேதான் செல்கிறது. அரபி எழுத்தில் ஒரு புள்ளி நீங்கினால் ‘ஜமல்’ என்னும் ஒட்டகம் ‘ஹமல்’ என்னும் ஆட்டுக்குட்டியாகிவிடும். நோன்பு துறக்கும் நேரம் சூரிய மறைவுக்கு முந்தியதாகப் பதிவாகிவிட்டால், அதை நம்பி நோன்பு துறந்தோர் அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் தீர்ப்பு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை ஆவணத்தின் பதிப்பு வரலாறு காட்டும் என்பது உண்மையே. எனினும், திருத்தும் உரிமையுடையோரே அதனைக் காண இயலும். பார்வையாளருக்கு அது புலப்படுவதில்லை.

இத்தகைய இடரை நம் முன்னோர் ஏட்டுக் காலத்திலேயே எதிர்கொண்டனர். ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் அல்-பக்தாதி (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் வெற்று வட்டம் இடுவதையும், மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே அதனுள் புள்ளி வைப்பதையும் விரும்பினார்கள். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னு ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ்கலை நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். ஆசிரியரிடம் கேளாமலும் இஜாஸா பெறாமலும், கண்டெடுத்த ஏட்டிலிருந்து எடுத்துரைப்பதை ‘விஜாதா’ எனக் குறித்து, ஹதீஸைப் பெறும் எட்டு வழிகளில் இறுதியாக அவர்கள் வைத்தார்கள். பொறுப்பாளர் இன்னார் எனத் தெரியாத இணைய ஆவணமும் இந்நிலையை ஒத்ததே.

ஆகவே, மாறாத வாசகத்தையும் மாறும் செய்தியையும் நாம் பிரித்தாள வேண்டும். திருமறை வசனங்கள், ஹதீஸ்கள், துஆக்கள், நோன்பு நேரங்கள் ஆகியவை சரிபார்க்கப்பட்ட நிலைத்த பிரதியாகச் செயலிக்குள்ளேயே இடம்பெறுதல் நலம். இணையத் தொடர்பு அற்ற வேளையிலும் அவை கிடைக்கும். கூட்ட அறிவிப்பு, வகுப்பு மாற்றம் போன்றவை பொதிந்த ஆவணமாக இருக்கலாம். அவற்றிலும் திருத்தும் உரிமை இரண்டொருவருக்கே உரியதாகட்டும்; ஏனையோர் கருத்துரைக்கும் உரிமையோடு நிற்கட்டும். மாற்றங்கள் தாமாகவே வெளியாகும் தெரிவை நீக்கிவிட்டால், நாம் சரிபார்த்து மீண்டும் வெளியிடும் வரை முந்தைய வாசகமே நிலைக்கும். வட்டத்தினுள் புள்ளி வைத்த அந்த ஒழுங்கு இவ்வகையில் இன்றும் பேணப்படும். ஆவணத்தின் தலைப்பில் சரிபார்த்தவர் பெயரும் நாளும் இருத்தல் அவசியம். அவை இல்லாத ஆவணத்தைக் கண்டால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் பொறுப்பாளர் யார் என வினவுவது வாசகராகிய நம் கடமை.