அரை நொடிக்குள் அணைக்கும் போர்டு

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு, ஃபார்முலா பாரத் போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருவார்கள். தொழில்நுட்பப் பரிசோதனையைத் தாண்டாமல் எந்தக் காரும் பாதையில் இறங்க முடியாது. அங்கே நடுவர்கள் துருவிப் பார்க்கும் பொருள்களில் ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சர்க்யூட் போர்டு. மாணவர்கள் அதை பி.எஸ்.பி.டி. என்பார்கள்.

ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார். ஆனால் த்ராட்டில் 25 சதவீதத்துக்கு மேல் திறந்தே கிடக்கிறது. எங்கோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். இந்த நிலை அரை நொடி நீடித்தால் போர்டு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். உடனே அணைத்தால் என்ன? இடது காலால் பிரேக் பிடிக்கும் ஓட்டுநர் வளைவுகளில் கணநேரம் இரண்டு பெடல்களையும் சேர்த்தே மிதிப்பார். அதற்கெல்லாம் கார் நின்றால் பந்தயம் எப்படி ஓட்டுவது?

ஆர்டுயினோவில் நாலு வரி எழுதினால் முடிகிற வேலைதான். விதி விடாது: நிரல் ஏற்றும் சிப் எதுவும் இதில் கூடாது. விதிப் புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிரல் உறைந்துபோனால் வெளியே தெரியாது. கம்பியையும் ரெசிஸ்டரையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம்.

சில ரூபாய்க்குக் கிடைக்கும் எல்.எம்.393 சிப்பில், வரும் வோல்ட்டை ஓர் எல்லையோடு ஒப்பிடும் கம்பேரேட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பிரேக் அழுத்தத்தைப் பார்க்கும், மற்றது த்ராட்டிலை. இரண்டின் வெளியீட்டையும் ஒரே கம்பியில் கட்டி, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் இணைத்து, அந்தக் கம்பியிலிருந்து தரைக்கு 4.7 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர் ஒன்றை வைக்க வேண்டும். இரண்டும் எல்லை தாண்டினால்தான் கெபாசிட்டர் நிரம்பத் தொடங்கும், 0.47 நொடியில் சுமார் 3.15 வோல்ட்டைத் தொடும். இன்னொரு சிப்பில் உள்ள மூன்றாவது கம்பேரேட்டர் அதைக் கண்டு ரிலேயை விடுவித்து எஞ்சினை அணைக்கும். நடுவில் ஒரு பெடலை விட்டாலும் கெபாசிட்டர் சட்டென்று காலியாகிவிடும். அரை நொடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தாளில் இவ்வளவுதான். காரில் ஏற்றினால் கதை வேறு. ஸ்பார்க் காயிலின் இரைச்சல் கம்பேரேட்டரைத் தடுமாற வைக்கும். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் திருப்பிப் போட்டால் அடங்கும். அதிர்வில் உயரமான கெபாசிட்டரின் கால்கள் முறியும், அடியில் சிலிகான் பசை வேண்டும். ரிலேயும் மின்சாரம் இருந்தால் மட்டுமே மூடியிருக்கும் வகையாக இருக்க வேண்டும். போர்டுக்கு மின்சாரம் போனால் காரும் நிற்கும்.

சென்சார் கம்பி அறுந்தால்? பல சென்சார்கள் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை மட்டுமே தரும். அதற்கு வெளியே எது வந்தாலும் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அணைக்க ஒவ்வொரு சென்சாருக்கும் இன்னும் இரண்டு கம்பேரேட்டர்கள் தேவை. பரிசோதனையில் நடுவர் சென்சார் கனெக்டரைப் பிடுங்கிக் காட்டச் சொன்னால், எஞ்சின் அணைந்தாக வேண்டும்.

பிரேக் எல்லையை முதலில் ஒரு திருகு ரெசிஸ்டரால் பாதையில் ஓட்டிப் பார்த்து அமைப்பார்கள். அளவு பிடிபட்டதும் அதைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டரைப் பற்றவைப்பது நல்லது. திருகு அதிர்வில் தானாக நகரும்.