களஞ்சியம் வாடகை மனையில். முத்திரை நம் கையில்

முன்னுரை

கதிரடித்துத் தூற்றிய களத்தில் நெல்லைப் பொலியாகக் குவித்ததும், அதன்மீது சாணத்தாலோ சாம்பலாலோ குறியிட்டு வைப்பது நம் உழவர்தம் பழைய வழக்கம். இரவில் எவரேனும் கைவைத்தால் குறி கலைந்துவிடும். காலையில் வந்து காண்போர் நிகழ்ந்ததை உடனே அறிவர். சுவரினும் குறியையே பெரிதும் நம்பிய இவ்வறிவு, இன்றைய கணிப்பொறித் துறையிலும் வேறொரு வடிவில் பயின்று வருகின்றது. ஒரு நிறுவனத்தார் தமக்குரிய மென்பொருள்களைச் சேமித்து வைக்கும் தனிக் களஞ்சியத்தை, வாடகைக்குப் பெற்ற மேகச் சேமிப்பகத்தில் அமைப்பது எங்ஙனம், அதில் காக்கத் தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பொதியும் களஞ்சியமும்

ஒரு மென்பொருளை, அதற்குரிய கோப்புகள், பதிப்பெண், அது சார்ந்து நிற்கும் பிற மென்பொருள்களின் பெயர்கள் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டிய மூட்டையே பொதி. இதனைப் பேக்கேஜ் என வழங்குவர். இத்தகைய பொதிகளை ஓரிடத்தில் அடுக்கி, அவற்றுக்கு அட்டவணையும் எழுதிவைத்தால் அது களஞ்சியம் ஆகின்றது. நூலகத்தில் நூல்களும் நூற்பட்டியும் இருப்பது போன்றது இது.

1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1999 மார்ச்சில் வெளிவந்த அதன் 2.1ஆம் பதிப்பில் ‘ஆப்ட்’ என்னும் கருவி இடம்பெற்றது. வேண்டிய பொதியின் பெயரை மட்டும் நாம் கூறினால், ஆப்ட் களஞ்சியத்தின் அட்டவணையைப் பார்த்து, அப்பொதியையும் அது சார்ந்த பிற பொதிகளையும் தேடிக் கொணர்ந்து நிறுவிவிடும்.

தனிக் களஞ்சியம் எதற்கு?

பொதுக் களஞ்சியங்கள் பல இருக்கத் தனிக் களஞ்சியம் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு இரு நிகழ்ச்சிகள் விடை பகரும்.

2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய என்பிஎம் களஞ்சியத்திலிருந்து ‘லெஃப்ட்-பேட்’ என்னும் சிறு பொதியை அதன் ஆசிரியர் நீக்கிக்கொண்டார். அதில் இருந்தவை 11 வரிகளே. ஆயினும், அதனைச் சார்ந்து நின்ற பெரும் மென்பொருள்களைக் கட்டியமைக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. சில மணி நேரத்துள் அப்பொதி மீட்டு வைக்கப்பட்டது என்றாலும், பிறர் வாயிற்படியில் நாள்தோறும் பொருள் பெறுவோர், அக்கதவு அடைபடும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை அது புகட்டிச் சென்றது.

அடுத்தது 2021 பிப்ரவரியில் வெளிப்பட்டது. அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், பெருநிறுவனங்கள் தமக்குள் வழங்கிவந்த பொதிகளின் பெயர்களை அறிந்து, அதே பெயர்களில் உயர்ந்த பதிப்பெண்ணோடு பொதுக் களஞ்சியங்களில் பொதிகளை இட்டுவைத்தார். உள்ளும் புறமும் ஒருங்கே தேடும் கருவிகள், பதிப்பெண் உயர்ந்ததே புதியது என்று கருதிப் புறத்திலிருந்தே எடுத்துக்கொண்டன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அமைப்புகளுக்குள் அவருடைய பொதிகள் நுழைந்தன. அவர் ஆய்வு நோக்குடையவர் ஆதலின் தீங்கு நேரவில்லை. தனிக் களஞ்சியம் இருந்தால் மட்டும் போதாது, எப்பெயர் எக்களஞ்சியத்திலிருந்து வரவேண்டும் என்னும் வரையறையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மேகம் பொருந்துவது எங்ஙனம்?

களஞ்சியம் என்றதும் இரவும் பகலும் ஓடும் பெரிய வழங்கி ஒன்று தேவை எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. டெபியன் வகைக் களஞ்சியம் முற்றிலும் அசையாக் கோப்புகளின் தொகுதியே. பொதிகள் ஒருபுறம், அவற்றின் அட்டவணையாகிய ‘பேக்கேஜஸ்’ கோப்பு ஒருபுறம், எல்லாவற்றுக்கும் தலைமையான ‘ரிலீஸ்’ கோப்பு ஒருபுறம். சார்புகளைக் கணக்கிடும் வேலையைப் பயனரின் கணிப்பொறியே செய்துகொள்ளும். ஆகவே, கேட்ட கோப்பை எடுத்துத் தரும் ஆற்றல் ஒன்றே களஞ்சியத்திற்குப் போதுமானது.

மேகச் சேமிப்பகம் செய்வதும் அதனையே. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் தொடங்கிய ‘எஸ்3’ சேவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. அதில் ‘பக்கெட்’ எனப்படும் கொள்கலம் ஒன்றைப் பெற்று, ஒவ்வொரு கோப்பையும் ஒரு பெயரிட்டு வைக்கலாம். வைத்த அளவு, கேட்ட முறை, வெளியே சென்ற தரவு ஆகியவற்றுக்கேற்பக் கட்டணம். பழுதாகும் வட்டு, மின்தடை, விடுமுறை நாளில் நின்றுபோகும் இயந்திரம் ஆகியவற்றைப் பற்றிய கவலை சிறிய நிறுவனத்தார்க்கு இல்லை. ஆப்ட்லி, டெப்-எஸ்3 முதலிய கருவிகள் அட்டவணையை எழுதி, நேரே பக்கெட்டில் ஏற்றியும் விடுகின்றன.

ஏற்றும் வரிசையில் மட்டும் கருத்து வேண்டும். முதலில் பொதிகள், பின்னர் அட்டவணை, இறுதியாகவே தலைமைக் கோப்பு. இதனை மாற்றினால், அட்டவணையில் பெயர் இருந்தும் பொதி இல்லாத நிலை சிறிது நேரம் நேரும். அவ்வேளையில் வந்து கேட்டவர் பிழைச்செய்தியோடு திரும்புவர். நூல் அடுக்கில் ஏறுமுன் பட்டியில் ஏறலாகாது என்பது நூலகர் அறிந்த நெறிதானே!

முத்திரையின் தொடர்

கோப்புகள் பிறர் மனையில் இருக்கின்றன. அவற்றை எவரும் மாற்றவில்லை என்று அறிவது எங்ஙனம்? இங்கேதான் நம் பொலிக்குறி மீண்டும் வருகின்றது.

ஒவ்வொரு பொதிக்கும் ‘எஸ்எச்ஏ-256’ என்னும் கணித முறையால் ஒரு நீண்ட எண் பெறப்படுகின்றது. பொதியில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். பொதிகளின் எண்கள் அட்டவணையில் எழுதப்படுகின்றன. அட்டவணைக்குரிய எண் தலைமைக் கோப்பில் எழுதப்படுகின்றது. அத்தலைமைக் கோப்பின்மீது களஞ்சிய உரிமையாளர் தம் மறைத்திறவுகோலால் மின்னொப்பம் இடுகின்றார். பயனரின் கணிப்பொறியில் இதற்கு இணையான பொதுத்திறவுகோல் இருக்கும். அது கொண்டு ஒப்பம் சரிபார்க்கப்படும். ஆயிரம் பொதிகள் இருப்பினும் ஓர் ஒப்பமே எல்லாவற்றையும் காக்கும் திறம் இதுவே. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 முதல் இச்சோதனையை ஆப்ட் தானே செய்து வருகின்றது.

சூழ்ச்சி ஒன்று எஞ்சியிருக்கின்றது. சென்ற ஆண்டின் அட்டவணையையும் அதற்குரிய ஒப்பத்தையும் ஒருவர் அப்படியே மீண்டும் கொண்டுவந்து வைத்தால், ஒப்பம் சரியாகவே இருக்கும். ஆனால் குறை நீக்கிய புதிய பொதிகள் பயனருக்கு எட்டா. இதனைத் தடுக்கவே, தலைமைக் கோப்பில் அது செல்லுபடியாகும் இறுதி நாளையும் குறிக்கும் வழி வகுக்கப்பட்டுள்ளது.

இருவகைக் காவல்

களஞ்சியம் தனியாரதாக இருக்க வேண்டுமெனின் பக்கெட்டின் கதவும் அடைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் எஸ்3இல் புதிதாகத் தொடங்கும் பக்கெட்டுகள் பொதுமக்கள் நுழையாத நிலையிலேயே தொடங்குகின்றன. வேண்டாத வசதி என்று அதனைத் தளர்த்துதல் தகாது. படிக்கும் உரிமையைப் பயனர் கணிப்பொறிகளுக்கும், எழுதும் உரிமையைப் பொதி கட்டும் இயந்திரம் ஒன்றுக்கு மட்டும் என்று பிரித்தளிப்பதே நன்னெறி.

எனினும் கதவின் சாவி வேறு, முத்திரையின் திறவுகோல் வேறு. கதவின் சாவியைத் தொலைத்தால் அதனை நீக்கிவிட்டு அன்றே வேறொன்று பெறலாம். மறைத்திறவுகோலைத் தொலைத்தாலோ, ஒவ்வொரு கணிப்பொறியையும் அணுகிப் பழைய பொதுத்திறவுகோலை நீக்கிப் புதியதை நிறுவ வேண்டும். அது களவு போனாலோ, களவாடியவர் கட்டிய பொதியையும் நம் கணிப்பொறிகள் நம்முடையதென்றே ஏற்கும். நோயாளிகளின் மருந்துக் குறிப்பைக் காக்கும் மென்பொருளோ, மாணவர்தம் மதிப்பெண்ணைக் கணக்கிடும் மென்பொருளோ இவ்வழியில் கெடுமாயின் விளைவு யாதென விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, அத்திறவுகோலைக் களஞ்சியம் இருக்கும் அதே மேகத்தில் வைத்தல் கூடாது. சாணக்குறிப் பலகையைப் பொலியின் மேலேயே விட்டு வருவார் உண்டோ? வலையோடு இணையாத ஓரிடத்தில் அதன் படி ஒன்று இருக்க வேண்டும். அது எங்குள்ளது என்பதை ஒருவரல்லர், இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். அறிந்த ஒருவர் பணி மாறிச் செல்லும் நாளில் அதனை எழுத்து மூலம் ஒப்படைத்துச் செல்லும் நெறியும் வேண்டும். மேகச் சேமிப்பகத்திற்குப் பணம் செலவிடும் நிறுவனங்கள், பணமே தேவைப்படாத இந்நெறியைத்தான் பெரும்பாலும் மறக்கின்றன.

முத்திரையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். பொதி யாரிடமிருந்து வந்தது என்பதற்கே அது சான்று. பொதி நல்லதா என்பதற்கு அன்று. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்னும் மென்பொருளில், அதனைப் பேணும் பொறுப்பு பெற்ற ஒருவரே கள்ளவழி அமைத்திருந்தது வெளிப்பட்டது. ஒப்பமிடுமுன் உள்ளே இருப்பதை ஆராயும் கடமை மனிதர்க்கே உரியது.

முடிவுரை

இடத்தை வாடகைக்குப் பெறலாம். வட்டையும் மின்சாரத்தையும் காவலையும் வாடகைக்குப் பெறலாம். நம்பிக்கையை அங்ஙனம் பெறுதல் இயலாது. அது, பொதியை ஆராய்ந்து கட்டும் கையிலும், திறவுகோலைப் போற்றிக் காக்கும் ஒழுங்கிலும், அடுத்தவரிடம் முறையாக ஒப்படைக்கும் பண்பிலும் இருக்கின்றது. கணிப்பொறித் துறையில் புகும் நம் மாணவர்கள் களஞ்சியம் அமைக்கக் கற்பது ஒரு பிற்பகலில் முடியும். ஒருநாள் தம் கைக்கு வரும் அம்முத்திரை எத்துணைப் பேரின் நலத்தைத் தாங்கி நிற்கின்றது என்பதை உணர்ந்து அவர்கள் அதனை ஏற்பார்களாயின், அவர்தம் கல்வி பயன் தந்தது என நாம் மகிழலாம்.