டூர் போன இடத்தில் ராத்திரிச் சாப்பாடு... எவ்வளவு சொல்லலாம்? எவ்வளவு சாப்பிடலாம்?

ஜவ்வாது மலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? ஸ்வெட்டர், குல்லா, டார்ச் லைட் எல்லாம் பையில் ஏறிவிட்டதா? சரி, ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி யோசித்தீர்களா?

'அதெல்லாம் போன இடத்தில் பார்த்துக்கலாம்' என்பதுதான் பலருடைய பதில். டூரில் உடம்புக்கு வருகிற கோளாறுகளில் பாதி, இப்படி யோசிக்காமல் சாப்பிடுகிற அந்த ராத்திரிச் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கிறது. நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், வாந்தி, பேதி, தூக்கமின்மை... மறுநாள் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கும்போது தலைசுற்றல் வேறு. வீட்டில் என்றால் சமாளித்துவிடலாம். மலையில், நடு ராத்திரியில், இருட்டு ரோட்டில் கீழே இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால்? அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவோம்.

பசியா, ஆசையா?

பகலில் பீமன் அருவிக்கு நடந்தீர்கள். கோலப்பன் ஏரியில் படகு விட்டீர்கள். காவலூர் வைனு பாப்பு வானாய்வுக் கூடம் இருக்கிற பக்கமும் ஒரு சுற்று சுற்றியாச்சு. பொழுது சாய்ந்து ஜமுனாமரத்தூருக்குத் திரும்பும்போது அகோரப் பசி. 'இன்னிக்கு நடந்த நடைக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் தாங்கும்' என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரிதான். ஒரே ஒரு பரோட்டா அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்! மற்ற நேரமெல்லாம் நீங்கள் காரிலும் வேனிலும் உட்கார்ந்துதானே வந்தீர்கள்?

இன்னொரு விஷயம். வெயிலில் அலைந்துவிட்டு வந்தவருக்குத் தாகமும் பசி மாதிரியே தெரியும். ரூமுக்கு வந்ததும் முதலில் இரண்டு டம்ளர் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் குடியுங்கள். கால் மணி நேரம் காலை நீட்டி உட்காருங்கள். அப்புறமும் பசித்தால் அது நிஜப் பசி.

'காசு கொடுத்தாச்சே!'

பேக்கேஜ் டூரில் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட கப்பல்களிலும் டிக்கெட்டிலேயே சாப்பாடு அடக்கம். கப்பலோ, மலையோ, கல்யாண வீடோ... 'கொடுத்த காசுக்குச் சாப்பிடலைன்னா நஷ்டம்' என்கிற எண்ணம் வந்துவிட்டால் கை தானாக நீளும்.

இதில் வெறும் மனசு மட்டும் குற்றவாளி இல்லை. ஒரே பண்டத்தைச் சாப்பிட்டால் சீக்கிரம் திகட்டிவிடும். பல ருசி மாறி மாறி வந்தால் ஒவ்வொன்றுக்கும் நாக்கு புதிதாகத் தயாராகிவிடும். 'வயிறு ஃபுல்' என்று சொன்னவர்கூட ஐஸ்க்ரீமுக்கு இடம் கண்டுபிடிப்பது இதனால்தான்! தட்டில் அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிடுகிறோம் என்பதும் ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம். எனவே கட்டுப்பாடு என்பது சாப்பிடும்போது அல்ல, ஆர்டர் சொல்லும்போதே ஆரம்பிக்க வேண்டும்.

அப்படின்னா எவ்வளவு?

அதிகம் உடலுழைப்பு இல்லாத ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரி, பெண்ணுக்கு 1660 கலோரி போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்கு. அதில் ராத்திரிக்கு ஆணுக்குச் சுமார் 600, பெண்ணுக்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சாதாரணமாக ஒருவர் சொல்கிற ஆர்டரைப் பாருங்கள். பரோட்டா இரண்டு (சுமார் 600), நாட்டுக்கோழிக் குழம்பு (250), ஒரு ஆம்லெட் (150), கடைசியில் 'கொஞ்சம் ரசம் சாதம்' ஒரு கப் (200). மொத்தம் 1200 கலோரி. ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல், அதுவும் படுக்கப் போகிற நேரத்தில்!

அதற்குப் பதிலாக இரண்டு சப்பாத்தி அல்லது மூன்று இட்லி, கோழி மூன்று துண்டு, ஒரு கிண்ணம் கீரை அல்லது காய், ஒரு டம்ளர் மோர். ருசியும் குறையவில்லை, வயிறும் குறை சொல்லாது.

ஆர்டர் சொல்வதில் ஒரு சூத்திரம்

மலையில் சின்ன மெஸ்களில் சாப்பிடுகிறவர்கள் 'எத்தனை பேருக்கு, என்ன வேணும்' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம். பத்தாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு பங்காகச் சொல்லிவிடுகிறோம். பயப்பட வேண்டாம். இதைக் கடைப்பிடியுங்கள்.

* நாலு பேர் என்றால் மூன்று பேர் சாப்பாடு சொல்லுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரைப் பங்கு போதும்.

* நாட்டுக்கோழி உயிரோடு ஒன்றரைக் கிலோ இருந்தால், சுத்தம் செய்த பிறகு சுமார் ஒரு கிலோ கறி கிடைக்கும். ஆளுக்கு 150 கிராம் கணக்கு வைத்தால் ஒரே கோழி ஆறு பேருக்குத் தாராளம். ஐந்து பேருக்கு இரண்டு கோழி என்பது ஆசைக் கணக்கு!

* அசைவக் குழம்பு ஒன்று, காய் அல்லது கீரை ஒன்று. இரண்டு வகை அசைவம் வேண்டாம்.

* பரோட்டா, தோசை மாதிரி சூடாகப் போடுகிற பண்டங்களை முதலில் பாதி சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்து, தேவை என்றால் மறுபடி சொல்லலாம்.

வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டால், செய்தி வருவதற்குள் இரண்டு பங்கு உள்ளே போய்விடும். பேசிக்கொண்டு, மென்று, மெதுவாகச் சாப்பிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம்' என்று தோன்றும்போதே கை கழுவிவிடுங்கள்.

சாமைதானே என்று...

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பயிரிடுகிற தானியம் சாமை. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமைக்கு மவுசு கூடிவிட்டது. மலைக்குப் போனால் சாமைச் சோறு கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு தப்புக் கணக்கு உண்டு. 'சாமை உடம்புக்கு நல்லது, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்' என்பது சரியல்ல. 100 கிராம் சாமையிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 350. வித்தியாசம் நார்ச்சத்தில். பாலிஷ் போடாத சாமையில் அது வெள்ளை அரிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும். ஒரு கப் போதும். சர்க்கரை நோயாளிகளுக்கும் அளவு இதேதான்.

மிச்சம் இருந்தால்?

'காலையில் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கலாம்' என்று கோழிக் குழம்பையும் சோற்றையும் மூடி வைக்கவே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமல் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் கிருமிகள் பெருகும். சோற்றில் வளர்கிற ஒரு வகை பாக்டீரியா விடுகிற நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தியில் கொண்டுபோய் விடும். வெளியே வீசினால் குரங்கும் நாயும் கூடும். அளவாகச் சொல்லியிருந்தால் இந்தச் சங்கடமே இல்லை.

எத்தனை மணிக்கு?

ஏழரை, எட்டுக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். சாப்பிட்டதும் போர்வைக்குள் புகுந்தால் இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். மேகம் இல்லாத ராத்திரியில் நட்சத்திரம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நேரம் உண்டா என்ன?

இதய நோய் உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் சுமார் நாலு மடங்கு கூடுகிறது என்று 2000-ம் ஆண்டில் அமெரிக்க இதய சங்க மாநாட்டில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. சாப்பிட்ட பிறகு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் 'வாயுதான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் தங்கியிருக்கும் இடத்தின் ஊழியரை எழுப்புங்கள். விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க

'எட்டு மணிக்குச் சாப்பாடு ரெடி' என்பார்கள், வந்து சேர ஒன்பதரை ஆகலாம். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு ஊசி போடுங்கள். பகலில் வழக்கத்தைவிட அதிகம் நடந்திருப்பதாலும் சர்க்கரை இறங்கலாம். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிடக் கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஒரு தடவை. பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். பையில் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். மருந்து அளவை மாற்ற வேண்டுமா என்று கிளம்புமுன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மறுநாள் காலை

ராத்திரி அளவோடு சாப்பிட்டவருக்குக் காலையில் நன்றாகப் பசிக்கும். வளைவுகளில் வாந்தி வருமே என்று பட்டினியோடு கிளம்பாதீர்கள். வெறும் வயிறும் குமட்டும், எண்ணெய்ப் பண்டம் நிறைந்த வயிறும் குமட்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும்.

முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, மலையை ரசித்தபடி இறங்குங்கள். அடுத்த டூருக்கு இடம் பார்க்க ஆரம்பிக்கலாம்!