இரண்டு வாரத்துக்கு எத்தனை புத்தகம்?

பள்ளிப்பட்டிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். விசைத்தறி வைத்திருப்பவர். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர். அடுத்த மாதம் அவருக்கு மயக்கவியல் துறையில் இரண்டு வாரப் பயிற்சி தொடங்குகிறது. அதற்காக மூத்த மாணவர்கள் எழுதிக் கொடுத்த ஐந்து புத்தகங்களின் பட்டியலைத் தந்தையார் என்னிடம் நீட்டினார். "கட்டணத்தை அரசாங்கம் கட்டுகிறது ஐயா, புத்தகத்துக்குத்தான் கை கடிக்கிறது. இதில் எதை வாங்குவது?" என்று கேட்டார்.

பொருளியல் படித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. பணி நிறைவு பெற்ற மயக்கவியல் மருத்துவ நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டிப் பேசிய பிறகுதான், இது பாதிக்குமேல் பொருளியல் கேள்வியே என்பது புரிந்தது. கையில் இருப்பது 14 நாள். அதில் பகல் முழுவதும் அறுவை அரங்கில் கழியும். மிஞ்சும் மாலைப் பொழுதை எந்தப் பக்கங்களுக்குச் செலவிடுவது என்பதே முதல் சிக்கல். விலை அதற்குப் பிறகுதான்.

பட்டியலில் முதலில் இருந்தது மில்லரின் 'அனஸ்தீசியா'. 1981-இல் முதற்பதிப்பு கண்ட நூல்; இன்று இரண்டு தொகுதிகளாக ஏறத்தாழ 3,000 பக்கங்கள். உலகெங்கும் மயக்கவியல் வல்லுநர்கள் ஐயம் தீர்க்கப் புரட்டும் களஞ்சியம் அது. இரண்டு வாரப் பயிற்சிக்கு அதை வாங்குவது, கிணற்றில் ஒரு குடம் நீர் இறைக்க மேட்டூர் அணையைக் குத்தகைக்கு எடுப்பது போன்றது. அடுத்தது மார்கன், மிக்கேல் பெயரால் வழங்கும் நூல். தெளிவானதுதான், ஆனால் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு உரியது. மூன்றாவதான அஜய் யாதவின் சுருக்கப் பாடநூல்தான் நம் நாட்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பரவலாகப் படிப்பது. எஞ்சிய இரண்டும் நுழைவுத் தேர்வுக்கான வினா-விடைத் தொகுப்புகள்.

சுருக்க நூலை வாங்கினால் வேலை முடிந்துவிடுமா? அங்கும் ஒரு குறை உண்டு. தேர்வை மனத்தில் வைத்து எழுதப்படும் மெல்லிய நூல்களில் செய்தி இருக்கும், காரணம் சுருங்கிவிடும். அறுவைக்கு முன் திட உணவு உண்டு குறைந்தது 6 மணி நேரமும், தெளிந்த நீர் அருந்தி 2 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடலாம். மயக்கத்தில் தொண்டையின் காப்புணர்வு அற்றுப்போய், இரைப்பையில் இருப்பது மேலெழும்பி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்ற காரணம் தெரிந்தால்தான், வயிறு நிறைய உண்டபின் விபத்துக்குள்ளாகி வருபவரைக் கண்டதும் மாணவி எச்சரிக்கை அடைவார்.

அந்தக் காரணங்களுக்காக இன்னொரு நூல் வாங்க வேண்டியதில்லை என்றார் நண்பர். மயக்க மருந்துகள், மரப்பு மருந்துகள், தசைத் தளர்த்திகள் ஆகியவற்றைப் பற்றிய இயல்கள் கே.டி.திரிபாதியின் மருந்தியல் நூலிலேயே உள்ளன. அதை மாணவி இரண்டாம் கட்டப் படிப்பிலேயே வாங்கியிருக்கிறார். மூச்சு, இரத்த ஓட்டம் பற்றிய உடலியங்கியல் நூலும் வீட்டில் இருக்கிறது. ஏற்கெனவே செலவிட்ட பணத்திலிருந்து மறுபடியும் பயன் எடுக்கும் இந்த வழியை நம் மாணவர்கள் ஏனோ நினைப்பதில்லை. தேர்வு முடிந்த புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது.

நூலின் பொருத்தத்தை அளக்க இலவசமாக ஓர் அளவுகோலும் உண்டு. 2018-இல் அன்றைய இந்திய மருத்துவக் கழகம் வெளியிட்ட திறன்சார் பாடத்திட்டம், மயக்கவியலுக்கு 10 தலைப்புகளில் 46 திறன்களை வரையறுத்துள்ளது. இதயம் நின்றவரை மீட்பது, அறுவைக்கு முந்தைய மதிப்பீடு, முழு மயக்கம், பகுதி மரப்பு, மயக்கம் தெளியும்போது கண்காணிப்பு, தீவிர சிகிச்சை, வலி நீக்கம், நீர்மச் சிகிச்சை, நோயாளர் பாதுகாப்பு என அது விரிகிறது. கடையில் நின்றபடியே நூலின் பொருளடக்கத்தை இதனோடு ஒப்பிட்டுவிடலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தபோது என் எண்ணம் பள்ளிப்பட்டுக்குத்தான் சென்றது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 2022 ஜனவரியில் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும் எல்லையோரக் கிராமத்தில் மூச்சுத் திணறும் ஒருவரை முதலில் பார்க்கப் போவது அருகிலுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவர்தான். திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ வண்டி போய்ச் சேரும்வரை மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கத் தெரிந்தவர் ஒருவர் தேவை. மகப்பேற்று அவசரங்களுக்கு மயக்க மருத்துவர் கிடைக்காத குறையைப் போக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கே உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி அளிக்கும் திட்டம் நடுவண் அரசிடம் இருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். வினா-விடைத் தொகுப்பை நான் ஒதுக்கச் சொன்னது இதனால்தான். முதுநிலை நுழைவுத் தேர்வில் இப்பாடத்திலிருந்து வரும் கேள்விகள் மிகச் சில. அவற்றைத் தேர்வு நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய ஊர்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்ட நூல்களும் உண்டு. மாரிஸ் கிங் தொகுத்து 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட 'பிரைமரி அனஸ்தீசியா' அவற்றுள் ஒன்று. வசதி குறைந்த மருத்துவமனையில் தனித்து நிற்கும் மருத்துவரிடம் பேசுவதுபோல் எளிய ஆங்கிலத்தில் அமைந்தது. தமிழ்வழியில் வந்தவருக்கு அது பெரும் உதவி. அதில் உள்ள மருந்துகள் சில வழக்கொழிந்துவிட்டன; எனவே நூலகத்தில் இருந்தால் காரணங்களுக்காக மட்டும் படிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட மாவட்ட மருத்துவமனை அறுவைச் சிகிச்சைக் கையேட்டிலும் மயக்கவியல் பகுதி உண்டு.

பழைய பதிப்பு வாங்கலாமா என்றும் தந்தையார் கேட்டார். குரல்வளையின் உடற்கூறு மாறப்போவதில்லை. முந்தைய பதிப்பே போதும். இதய மீட்பு நெறிமுறைகள் அப்படியல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. அந்த ஓர் இயலை மட்டும் பழைய நூலில் நம்பக் கூடாது. துறையில் இப்போது பின்பற்றும் நெறிமுறையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மாணவி திருத்தணியில் ரயிலேறி, சென்னை அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையில் சுருக்க நூலின் முந்தைய பதிப்பைப் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறார். பரணிலிருந்து மருந்தியல் நூல் இறங்கியிருக்கிறது. மிச்சப் பணத்தில் ஒரு கெட்டி அட்டை நோட்டும் வாங்கியிருப்பதாகத் தந்தையார் தொலைபேசியில் சொன்னார். ஒவ்வொரு நாளும் அரங்கில் பார்க்கும் ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் குறிக்காமல், எந்த மருந்து, எவ்வளவு, ஏன் என்று இரவில் எழுதி வைக்கப் போகிறாராம்.